மூன்று நோட்டுகளில் கிடந்த கை நடுக்கம்

மனநல சமூகப் பணி எம்.ஃபில். சேர்ந்த முதல் ஆண்டில் நான் எழுதிய கேஸ் ஹிஸ்டரி ஒன்று 12 பக்கம் வந்தது. நோயாளி தையல்காரர். மனச்சிதைவு, மூன்றாவது அட்மிஷன். மூன்று தலைமுறைக் குடும்பப் படம் வரைந்து, வட்டிக் கடன் வரை எழுதியிருந்தேன். மருந்தைப் பற்றி மட்டும் ஒரே வரி: ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை.

ரவுண்ட்ஸில் அதை வாசித்ததும் வார்டு சிஸ்டர் குறுக்கிட்டார். "தம்பி, அவரு டீ கிளாஸ் பிடிக்கிறப்ப கையைப் பாத்தீங்களா?"

ஹாலோபெரிடால் தந்த நடுக்கம். ஊசியில் நூல் கோக்க முடியாமல் போகவே, மாத்திரையை நிறுத்திவிட்டு மிஷினில் உட்கார்ந்திருக்கிறார் மனுஷன். டீ சிந்துவது சிஸ்டரின் ரிப்போர்ட் புக்கில் இருந்தது. துணியைக் கொடுத்தால் எழுந்து போய்விடுகிறார் என்பது தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவின் நோட்டில் இருந்தது. 'மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சதுல இருந்து தையல் வரல' என்று அவர் மனைவி சொன்னது என் நோட்டிலேயே, 'பொருளாதாரம்' என்ற தலைப்பின் கீழ் கிடந்தது. எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்ட பிறகு டாக்டர் மருந்தை மாற்றினார். எனக்கு முகம் வெளிறிவிட்டது.

அடுத்த நாளிலிருந்து காலை 7.30 மணிக்கு, டூட்டி மாறும் நேரத்தில் நர்ஸ்கள் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். யார் தூங்கவில்லை, யார் சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுக்கினார் என்று பத்து நிமிடத்தில் கொட்டிவிடுவார்கள். என் ஒரு மணி நேர நேர்காணலில் அதெல்லாம் வராது. இந்தப் படிப்புக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். நூலகம் எங்கும் ஓடிப்போகாது.

எழுதுவதையும் மாற்றிக்கொண்டேன். பேராசிரியருக்கு 12 பக்கம், டீமுக்கு அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்தில் டாக்டரோ நர்ஸோ இன்றைக்கு எதைச் செய்ய வேண்டும் என்பது இருக்க வேண்டும்.

அடுத்தவர் துறையைத் தெரிந்துகொள்ள எனக்கு நல்ல பாடமாக இருந்தது ஐடியாஸ் படிவம். ஊனச் சான்றிதழுக்காக மனநோயின் பாதிப்பை அளப்பது அது. 40 சதவீதம் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். சுய பராமரிப்பு, பிறருடன் பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கு பகுதிகள். முதலாவதற்கு நர்ஸைக் கேட்காமல் மதிப்பெண் போட முடியாது. நான்காவதற்குத் தொழில்வழிச் சிகிச்சையாளர் வேண்டும். தனியாக உட்கார்ந்து நிரப்பினால் பொய்தான் எழுதுவோம்.

சேர நினைப்பவர்களுக்கு இன்னொன்று. யு.ஜி.சி. 2022-இல் எம்.ஃபில். பட்டத்தை நிறுத்திவிட்டு, மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்புக் கொடுத்தது. கட்டணம் கட்டுவதற்கு முன் பட்டத்தின் பெயரையும் அங்கீகாரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குடும்பத்தையும் டீமில் சேர்க்க வேண்டும் என்பது நம் நாட்டில் பழைய சங்கதி. 1950களிலேயே அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் வீட்டாரை மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்க வைத்தார். வேலூர் சி.எம்.சி. மனநல மையத்திலும் வீட்டார் கூடவே தங்குகிறார்கள். படிக்கும்போது இது சுலபமாகத்தான் தெரிந்தது. ஒரு நோயாளியின் அம்மா வந்து, "ஒரு கால்கட்டு போட்டுட்டா சரியாயிடுவானா?" என்று கேட்கும் வரைக்கும்.

டாக்டர் ஆறு மாதம் போகட்டும் என்றார். உளவியல் மாணவி, மகனையே கேளுங்கள் என்றாள். நான், பெண் வீட்டாரிடம் நோயை மறைக்காதீர்கள் என்றேன். மூன்றுமே சரியான பதில்கள்தான். அந்த அம்மா வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஆளுக்கொண்ணு சொல்றீங்களே தம்பி, நான் யார் பேச்சைக் கேக்கறது?"

அதற்குப் பிறகு வீட்டாரைக் கூப்பிடுவதற்கு முன் நாங்கள் ஐந்து நிமிடம் கதவைச் சாத்திக்கொள்வோம். சண்டையெல்லாம் அங்கேயே. யார் பேசுவது என்று முடிவான பிறகுதான் கதவு திறக்கும். பல நாள் அது சிஸ்டர்தான்.