வீட்டுத் தோட்டத்தில் சீமைச் சாமந்தி

சீமைச் சாமந்தி என்பது மாலை கட்டும் சாமந்தியன்று. ஐரோப்பாவைச் சேர்ந்த இம் மருந்துப் பூண்டைப் பிரெஞ்சுக்காரர் கமோமில் என்பர். உலர்ந்த பூவை வெந்நீரில் ஊறவைத்துப் பருகுவர். வட இந்தியாவில் இது குளிர்காலப் பயிர். புதுச்சேரி வீடுகளிலும் சிறிய அளவில் வளர்க்கலாம். ஆனால் பருவம் தவறினால் முழுப் பிரயாசையும் வீண்.

பருவம்.— ஐப்பசி, கார்த்திகை அடைமழை இளஞ்செடியை அழுகச் செய்யும்; பங்குனி வெயிலோ பூக்குமுன் வாட்டிவிடும். இடையிலுள்ள மார்கழி, தை, மாசி ஆகிய மூன்று மாதங்களே இதற்கு அநுகூலமானவை. 2024 நவம்பர் 30-ல் கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது இந்நகரில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அத்தகைய மழையில் திறந்த பாத்தியிலிட்ட விதை தங்குமா? ஆதலின், கார்த்திகைத் தொடக்கத்தில் சாரல் படாத, வெளிச்சமுள்ள தாழ்வாரத்தில் தொட்டியிலே விதைத்து, மார்கழி நடுவில் நாற்றை எடுத்து நடுவதே உசிதம்.

விதைத்தல்.— விதை தூள்போல் நுண்ணியது. ஒரு கிராமில் ஏறக்குறைய 10,000 விதைகள் இருக்கும். ஆகவே உலர்ந்த மணலுடன் கலந்து தூவுக. மண்ணிட்டு மூடலாகாது, வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். முதல் ஆண்டில் நான் கத்தரி விதையைப்போல் அரை அங்குலம் மண்ணிட்டு மூடினேன். இருபது நாள் காத்திருந்தும் நாலு நாற்றே கிடைத்தன. பூவாளி நீர் விதையை அடித்துச் செல்லுமாதலால், தொட்டியை நீருள்ள தட்டில் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏறச் செய்க.

நடவும் பராமரிப்பும்.— அரை அடி உயர்த்திய பாத்தியில், செடிக்குச் செடி ஓரடி விட்டு நடவேண்டும். மணற்பாங்கான நிலம் நல்லது. சற்று உவர்ப்பையும் இது தாங்கும். எருவை மிகுதியாக இட்டால் தழை பெருகிப் பூ குறையும். மண் காயாதபடி அளவாக நீர் பாய்ச்சுக. மாசி வெயில் கடுத்தால் நண்பகலில் தென்னங்கீற்று நிழல் தருக. அசுவினி கண்டால் நீரைப் பீய்ச்சிக் கழுவுக. பருகும் பூவாதலால் விஷ மருந்து கூடாது.

பறித்தல்.— வெள்ளையிதழ்கள் கிடையாக விரிந்திருக்கும்போது, காலைப் பனி உலர்ந்தபின் பறிக்கவேண்டும். இதழ்கள் கீழே மடங்கிய பூ முதிர்ந்தது. நிழலில் துணிமேல் மெல்லப் பரப்பி உலர்த்திக் கண்ணாடிப் புட்டியில் மூடி, இருளான இடத்தில் வைக்க. ஐந்து பங்கு பூ உலர்ந்து ஏறக்குறைய ஒரு பங்காகும்.

எச்சரிக்கை.— இதைப்போன்ற வேறு பூக்களும் உண்டு. பூவின் மஞ்சள் நடுப்பகுதியை நெடுக்காகப் பிளந்து பார்க்க. உள்ளே குழியாக இருந்தால் மெய்யான சீமைச் சாமந்தி எனக் கொள்ளலாம். குழியில்லாத பூவை ஒதுக்குக. சாமந்திப் பூவால் தும்மலோ தடிப்போ காண்பவர் இதைப் பருகலாகாது. இரத்தம் உறையாதிருக்க மருந்துண்போர் வைத்தியரைக் கேட்காமல் தொடவேண்டா.

இதனால் பெரிய வரும்படி வராது. எனினும் பத்துச் செடிகள் ஒரு வீட்டின் சில்லறைத் தேவைக்குப் போதும். அவற்றுள் இரண்டைப் பறிக்காது விட்டு, முற்றிய விதையைச் சேர்த்து, ஈரம் படாமல் அடுத்த கார்த்திகைக்குக் காப்பாற்றுவீர்களாக.