பழைய மிதிவண்டியைத் தேர்ந்தெடுத்தல்: பேராக் அபிமானிகளுக்கு

பழைய மிதிவண்டிகளில் பிரியம் கொண்டு, ஈப்போவின் ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தையிலும், சுங்கை சிப்புட், பத்து காஜா முதலிய ஊர்களின் சைக்கிள் பட்டறைகளிலும், நண்பர்களின் வீட்டுத் தாழ்வாரங்களிலும் தேடித் திரிகின்றவர்கள், விலையைப் பற்றிய யோசனைக்கு முன்னதாகவே, வாங்கப்போகும் வண்டி காத்து வைப்பதற்கா, செம்மண் சடக்கில் ஓட்டிச் செல்வதற்கா என்பதை நிர்ணயம் செய்துகொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இந்த நிர்ணயம் இல்லாமையாலேயே, அருமையான ராலே ஒன்று கரடுமுரடான பாதையில் சிதைந்துபோவதும், மலையேறவென்றே செய்யப்பட்ட வண்டி ஒன்று சுவரில் தொங்கித் தூசி படிவதும் நம்மிடையே சகஜமாகிவிட்டன.

முதல் வகை, நம் பாட்டன்மார் ஓட்டிய ஆங்கிலேய வண்டி. 1877-இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் ஊன்றப்பட்ட பிறகு பேராக் முழுவதும் பரவிய தோட்டங்களில், விடியுமுன் பெரட்டுக்கு நின்று பெயர் கொடுத்துவிட்டுத் தத்தம் நிரைக்குப் போகும் பால்மரத் தொழிலாளிக்கு நடையின் களைப்பைக் குறைத்ததும், நிறைந்த வாளிகளைச் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் இந்த வண்டிதான். கங்காணிக்கும் கிராணிக்கும் அது கௌரவச் சின்னமாகவும் விளங்கிற்று. பெயர்த் தகடு உதிர்ந்துபோன வண்டியையும் அதன் சங்கிலிச் சக்கரத்தைக் கொண்டே அடையாளம் காணலாம். ராலேயின் சக்கரத்தில் மூன்று நாரைத் தலைகள் வெட்டப்பட்டிருக்கும்; ரட்ஜில் விரித்த கை; ஹம்பரில் மனித உருவங்கள், அத்துடன் முன் போர்க்கும் இரட்டைக் குழாயாக இருக்கும். ஹம்பர் 1932-இலும் ரட்ஜ் 1943-இலும் ராலேயின் வசமாகிவிட்டபடியால், போருக்குப் பிந்திய இம்மூன்று பெயர்களின் வண்டிகளும் இயந்திர வகையில் நெருங்கிய உறவினையே உடையவை. ஹம்பருக்கு அதிக வெள்ளி கேட்கிறார் ஒருவர் என்றால், அவர் அந்த இரட்டைப் போர்க்கின் அழகுக்கும் அபூர்வத்துக்கும் கேட்கிறார் என்று அறிந்து கொடுப்பவர் தாராளமாய்க் கொடுக்கலாம்.

ராலே என்ற எழுத்தைக் கண்டதும் நாட்டிங்ஹாம் நகரில் செய்தது என்று முடிவு கட்டிவிடலாகாது. இந்தியாவில் ஆசன்சோலில் சென்-ராலே என்ற பெயரில் அவ்வண்டிகள் உற்பத்தியாயின. 1949-இல் சென்னை அம்பத்தூரில் ஸ்தாபிக்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி, அவ்வாறே ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்ற ஆங்கிலேயப் பெயர்களுடைய வண்டிகளைச் செய்தது. இவை மட்டமானவை என்று நான் சொல்லவில்லை. விற்பவர் ஊர்ப் பெயரை உள்ளபடி சொல்ல வேண்டும் என்பதே என் வேண்டுகோள். வண்டியில் ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் இருக்குமாயின், அதன் ஓட்டைத் துணியால் துடைத்துப் பார்த்தால், ஏ.டபிள்யூ. என்ற எழுத்துகளுக்கு அருகே 54 என்றோ 58 என்றோ ஆண்டும், பெரும்பாலும் மாதமும் பொறிக்கப்பட்டிருப்பது புலப்படும். சக்கரம் பிற்காலத்தில் மாற்றப்பட்டிருக்கலாமாதலால், அதை வண்டியின் ஜாதகமாகக் கொள்ளாமல் ஒரு சாட்சியாக மட்டும் கொள்வது நலம். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை கம்பார் வழியாக மிதிவண்டிகளில் இறங்கிய சரித்திரத்தைச் சொல்லி, இது அந்தச் சிப்பாய் ஓட்டியது என்று விலை ஏற்றுவோரும் உண்டு. அதற்கு ஆதாரம் காட்டாதவரிடம் வண்டிக்கு மட்டும் கிரயம் பேசுங்கள்.

இவ்வகையை வாங்குவோர் அறிந்திருக்க வேண்டிய சிரமம் ஒன்றுண்டு. பெடல் அச்சைத் தாங்கும் கூட்டின் மரை, மற்ற ஆங்கிலேய வண்டிகளில் அங்குலத்துக்கு 24 சுற்றாக இருக்க, ராலே தன் வண்டிகளுக்கு 26 சுற்று வைத்துக்கொண்டது. ஆகவே அந்தப் பாகம் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் வேறொரு பழைய ராலேயிலிருந்துதான் எடுத்துப் போட வேண்டும். டயர் விஷயத்தில் அவ்வளவு கவலை இல்லை, 28-க்கு ஒன்றரை அளவு டயர் இந்தியாவில் இன்றும் செய்யப்படுகிறது. கம்பிப் பிரேக்கோ மழையில் இரும்பு ரிம்மைப் பிடிக்காது. மாலை தோறும் மழை கொட்டும் கிந்தாப் பள்ளத்தாக்கில், இறக்கமான பாதையில் இவ்வண்டியை நம்பி இறங்குவது விவேகமாகாது.

இரண்டாம் வகை, 1980 முதல் 1995 வரை வெளிவந்த எஃகுச் சட்டத்து மலைச் சைக்கிள். கலிபோர்னியாவில் டமல்பையஸ் மலையின் மண் பாதைகளில், பழைய கனத்த வண்டிகளைத் திருத்தி இறக்கம் ஓட்டிய இளைஞர் குழாத்திலிருந்து இது தோன்றிற்று. அக்குழாத்தைச் சேர்ந்த ஜோ பிரீஸ் 1977-இல் இதற்கென்றே ஒரு சட்டத்தைக் கட்டினார். 1981-இல் ஸ்பெஷலைஸ்ட் கம்பெனி ஸ்டம்ப்ஜம்பர் என்ற வண்டியை ஜப்பானில் செய்வித்துப் பலரும் வாங்கும்படி விற்றது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், ரப்பர் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டும் போன இக்காலத்தில், பால்மரக்காரர்கள் போய்வந்த பழைய சடக்குகளில் எஞ்சியவற்றையும், மெங்லெம்பு பக்கத்துக் கிளேடாங் மலைப் பாதைகளையும் ஓட்டிப் பார்க்க விரும்புவோருக்கு இதைக் காட்டிலும் பொருத்தமான வண்டி இல்லை.

இதில் எதைத் தேர்வது? ஹேண்டிலின் மேல் கட்டைவிரலால் தள்ளும் கியர் நெம்பு உள்ள வண்டியையே நான் முதலில் நாடுவேன். 1990-ஐ ஒட்டி வந்த பொத்தான் மாதிரியான நெம்புகளில் உள்ளிருக்கும் கிரீஸ் நாளடைவில் இறுகி, பல் பிடிக்காமல் நின்றுவிடுகிறது. கட்டைவிரல் நெம்போ, படிப்படியாக மாறும் சக்தியை இழந்தாலும், உராய்வினால் மட்டும் இயங்கும்படி திருப்பிக்கொள்ளக் கூடியது. பின் சக்கரத்துக்கு முன்னால், பெடல் கூட்டை ஒட்டிய குழாய்களின் கீழ்ப்புறம் யூ பிரேக் பொருத்தப்பட்ட 1986-89 மாதிரிகளை நம் ஊருக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன், ஏனெனில் ஈரச் செம்மண் அந்த இடத்தில்தான் அப்பிக்கொள்ளும். சாதாரண கேன்டிலீவர் பிரேக் போதும். அதன் கட்டைகள் எங்கும் கிடைக்கின்றன. ஷிமானோ பாகங்களின் பின்புறத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும்: முதலெழுத்து ஆண்டு, இரண்டாவது மாதம். 1976-ஐ முதல் எழுத்தாக வைத்து எண்ணிவந்தால் எம் என்பது 1988 ஆகும். டெரெய்லர் 1988, பிரேக் 1988, சட்டம் மட்டும் புதிது என்றால், கலந்து கட்டிய வண்டி என்று தெரிந்துகொண்டு பேரம் பேசலாம்.

முன் போர்க்கில் அதிர்வு தாங்கி பொருத்திய தொடக்ககால வண்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவற்றுள் பலவற்றில் இருந்த பாலிமர்க் கட்டைகள் நம் வெப்பத்தில் பொடிந்துபோயின. மாற்றுக் கட்டை தேடும் பொறுமை உள்ளவர்கள் மட்டும் வாங்கட்டும்.

எந்த வகையாயினும் பரீட்சை ஒன்றே. வண்டியைத் தலைகீழாய் நிறுத்தி, ஹேண்டில் குழாய்க்குச் சற்றுப் பின்னால், கீழ்க் குழாயின் அடிப்புறத்தில் விரல் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். சாயத்தில் நுண்ணிய மடிப்பு தட்டுப்பட்டால், அவ்வண்டி எப்போதோ முன்னால் மோதியிருக்கிறது. சிறு காந்தத்தைச் சட்டமெங்கும் ஒட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் பிடி தளர்ந்தால் அங்கே பட்டி தடவித் துருவை மறைத்திருக்கிறார்கள். அலுமினியச் சீட்டுக் கம்பி எஃகுக் குழாயில் இறுகிப் பிடித்துவிட்டதா என்று திருகிப் பாருங்கள். பிடித்திருந்தால் விலையைக் கணிசமாகக் குறைக்கச் சொல்லுங்கள், அதைக் கழற்றுவது அத்தனை கடினம்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பளபளவென்று புதுச் சாயம் பூசினால் நல்ல விலை வரும் என்ற எண்ணம் அபிமானிகளிடத்தில் செல்லாது. மங்கியதாயினும் முதற்சாயத்தோடு, தங்கக் கோடும் தகடும் தேயாமல் இருக்கும் வண்டியே மேலானது, அழிந்த சாயத்தைத் திரும்பக் கொண்டுவர ஒருவராலும் ஆகாதல்லவா? மாற்றிய பாகத்தை மாற்றியது என்று சொல்லி விற்பவரிடமே ஜனங்கள் மறுபடியும் வருவார்கள். அதேபோல், வண்டியின் மதிப்பறியாத ஒரு தோட்டத்துப் பெரியவரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கி ஈப்போவில் பன்மடங்காக விற்பது, சட்டப்படி குற்றமாகாவிட்டாலும், தர்மமன்று; அவருக்கு உண்மை விலையைச் சொல்லிய பிறகே கிரயம் பேச வேண்டும்.

என் தீர்ப்பை யாரும் கேட்டால், ஓட்டுவதற்கு 1980-களின் பிற்பகுதியைச் சேர்ந்த எஃகு மலைச் சைக்கிளையும், காப்பதற்குத் தன் குடும்பத்தில் வழிவந்த ராலேயையும் சொல்வேன்; இரண்டில் ஒன்றுக்கே பணம் உண்டென்றால் முன்னதை வாங்கட்டும். பின்னது பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. லயத்து வீட்டின் பின்புறத்திலோ, புறம்போக்குக் கொட்டகையிலோ அது சாய்ந்து கிடக்குமாயின், பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். அதில் உரிமத் தகடு ஒட்டியிருந்தால் கழற்றாதீர்கள். சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, காற்றோட்டமான இடத்தில் நிறுத்தி, ஓட்டியவரின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதி அதனுடன் வையுங்கள்.