இலையைக் கிழிக்காமல் மருந்தடித்தவன்

சம்பா நட்டு இருபது நாளில், பாபநாசம் பக்கத்திலுள்ள எங்கள் வயலில் இலைகளில் வெள்ளை வெள்ளையாகக் கோடு. போனில் படமெடுத்து மருந்துக்கடைக்காரரிடம் காட்டினேன். ஒரு நொடி பார்த்தார். "சுருட்டுப்புழு சார்" என்று புழு மருந்தை எடுத்து வைத்தார். அடித்தேன். எட்டு நாள் கழித்து மறுபடியும் அடித்தேன். கோடு நிற்கவில்லை. மருந்துக் காசும் ஆள் கூலியும் போனதுதான் மிச்சம்.

அவரை இன்றும் திட்டுகிறேன். ஆனால் ஒரு இலையைக்கூடக் கிழித்துப் பார்க்காதது நான். சுருட்டுப்புழுவென்றால் இலை மடிந்து, நூலால் ஒட்டியிருக்க வேண்டும். என் வயலில் ஒரு இலையும் மடியவில்லை! அது கண்ணெதிரே இருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

கடைசியில் ஒரு இலையை வெயிலுக்கு எதிரே பிடித்தேன். மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் நடுவே வெளிர்மஞ்சளாய்த் தட்டைப் புழு. தடவினால் கொப்புளம் மாதிரி விரலில் தட்டும். கூட்டுப்புழுவும் அதற்குள்ளேயேதான். இது நெல் முள்வண்டு, டைக்ளாடிஸ்பா ஆர்மிஜெரா. வளர்ந்த வண்டு சுமார் 5 மில்லிமீட்டர், நீலங்கலந்த கறுப்பு, முதுகெல்லாம் முள். மேலே பச்சையைச் சுரண்டிக் கோடு போடுவது அது. உள்ளே குடைவது அதன் பிள்ளை.

நோட்டில் முதலில் 'கூன்வண்டு' என்று எழுதிவைத்தேன். மச்சான் இன்னும் சிரிக்கிறார். தென்னையைத் துளைக்கிற சிவப்புக் கூன்வண்டைப் பாருங்கள், மூக்கு நீண்டிருக்கும். இதற்கு அது கிடையாது.

தெரிந்தவர்களிடம் காட்டிக் கேட்பதென்றால், பிடித்த வண்டை டப்பாவில் போட்டுக் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஓட்டம் அடங்கும். வெள்ளைத் தாளில் ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள். தேதி, ரகம், நட்ட நாள், எந்த வரப்போரம், எல்லாம் அன்றைக்கே எழுதுங்கள். குடைந்த இலையைப் பாலித்தீனில் கட்டி வண்டிப் பெட்டியில் வைக்காதீர்கள், வேர்த்து அழுகிவிடும். ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-லிருந்து இருக்கிறது. நான் போனதோ மருந்துக்கடைக்கு.

இன்னொன்றும் உண்டு. நடவன்றைக்கே பெரியம்மா நாற்று நுனியைக் கிள்ளச் சொன்னார். வண்டு முட்டையிடுவது பெரும்பாலும் நுனிப்பக்கம்தான். அது தெரியாமல் "நேரமாகுது பெரியம்மா" என்றேன். பத்து ஆள் கூலிக்கு நிற்கும்போது யாராயிருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். இந்த வருஷம் அவர் என்னைக் கேட்கவேயில்லை. தானே கிள்ளி, நுனிகளை ஒரு சாக்கில் கட்டி என் கையில் கொடுத்தார், எரித்துவிட்டு வா என்று.