பழந்துணிப் போர்வைக்கு விலை போட்டது யார்?



குழுவாகச் சேர்ந்து வெளியூர் போய் வந்தால், "என்னத்தைக் கத்துக்கிட்டு வந்தீங்க?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இந்த மாதப் பாடமும் ஒரு பயணத்தைப் பற்றியது. போர்வை தைக்கும் கிராமத்துப் பெண்கள் பஸ் ஏறி, நகரத்து அருங்காட்சியகத்துக்குப் போனார்கள். அங்கே சுவரில் தொங்கியது அவர்கள் தைத்த போர்வையேதான்!

எந்த ஊர்?

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு கிராமம். மூன்று பக்கமும் ஆறு வளைத்து ஓடுகிறது. அங்கே இருப்பவர்கள் கறுப்பின மக்கள். அவர்களுடைய முன்னோர்கள் அங்கிருந்த பருத்திப் பண்ணையில் அடிமைகளாக வேலை செய்தவர்கள். பண்ணை முதலாளியின் குடும்பப் பெயரான பெட்வே என்பதே இன்றும் பலருக்குப் பெயரோடு ஒட்டியிருக்கிறது.

குளிர்காலத்தில் நடுங்கவைக்கும் குளிர். கடையில் கம்பளி வாங்கக் காசு கிடையாது. அதனால் கிழிந்த வேலைச்சட்டை, முழங்கால் தேய்ந்த கால்சட்டை, மாவுச்சாக்கு எல்லாவற்றையும் வெட்டி ஒட்டுப்போட்டு, உள்ளே பஞ்சு வைத்துத் தைப்பார்கள். இதைத்தான் குயில்ட் என்கிறார்கள். 1942-ல் மிசௌரி பெட்வே என்ற பெண், இறந்துபோன கணவரின் வேலைத் துணிகளைக் கொண்டே ஒரு போர்வை தைத்தார். அவர் நினைவாகப் போர்த்திக்கொள்ள வேண்டும் என்று. அந்தப் போர்வை இப்போது வாஷிங்டனில் தேசிய கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

சங்கம் வந்தது

1960-களில் இவர்கள் ஓட்டுரிமை கேட்டுப் போராடினார்கள். 1962-ல் ஆற்றைக் கடக்கும் படகுப் போக்குவரத்து நின்றுபோனது. பதிவு செய்ய வேண்டிய அலுவலகமோ அக்கரையில்! மறுபடி படகு வந்தது 2006-ல்தான். ஓட்டுக்குப் பதிவு செய்ததால் குடியிருந்த இடத்தை விட்டே வெளியேற்றப்பட்ட குடும்பங்களும் உண்டு.

இந்த நெருக்கடியில்தான் 1966-ல் அந்தப் பகுதிப் பெண்கள் ஃப்ரீடம் குயில்டிங் பீ என்ற கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். போர்வைகள் நியூயார்க் வரை போய் விற்றன. 1972-ல் சியர்ஸ் என்ற பெரிய கடை, கார்டுராய் துணியில் தலையணை உறை தைக்க ஆர்டர் கொடுத்தது. ஆர்டர் போக மிஞ்சிய வெட்டுத்துணியைப் பெண்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தங்களுக்கென்று போர்வை தைத்தார்கள். அப்படித் தைத்தவற்றில் சில பின்னாளில் அருங்காட்சியகம் ஏறின. கவனிச்சீங்களா? மற்றவர் சொன்ன அளவில் தைத்தது தலையணை உறை. தன் மனசுப்படி தைத்தது கலைப்பொருள்.

கொசுப்புகைக்குப் போன போர்வை

1990-களின் கடைசியில் வில்லியம் ஆர்னெட் என்ற கலைப்பொருள் சேகரிப்பாளர் ஒரு புகைப்படம் பார்த்தார். விறகு அடுக்கின் மேல் ஒரு போர்வை கிடந்தது. அதைத் தேடி ஆனி மே யங் என்ற பெண்ணின் வீட்டுக்கே வந்துவிட்டார். முந்தின வாரம்தான் அந்தம்மா சில போர்வைகளைக் கொளுத்தியிருந்தார். பருத்தித்துணி எரியும் புகைக்குக் கொசு ஓடிவிடும், அதற்காக. நல்லவேளை, மறுநாள் தேடியதில் அந்தப் போர்வை கிடைத்தது. "சும்மாவே எடுத்துக்குங்க" என்றாராம். ஆர்னெட் கேட்கவில்லை. அதற்கும் இன்னும் சில போர்வைகளுக்கும் சேர்த்து சில ஆயிரம் டாலருக்குக் காசோலை கொடுத்தார்.

2002 செப்டம்பரில் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகர நுண்கலை அருங்காட்சியகத்தில் கண்காட்சி தொடங்கியது. ஊர்ப் பெண்கள் ஒன்றாகப் பார்க்கப் போனார்கள். அவர்களில் லூசியானா பெண்டால்ஃப் என்பவர் போர்வை தைப்பதையே விட்டிருந்தார். சுவரில் அவற்றைப் பார்த்தபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. திரும்பி வரும் வழியிலேயே புதுப்புது வடிவங்கள் மனதில் ஓட ஆரம்பித்தன. வீடு வந்ததும் மறுபடி ஊசியைக் கையில் எடுத்தார்.

அதே போர்வைதான். வீட்டில் கட்டிலுக்கு அடியில் கிடந்தபோது கந்தல். வெளிச்சத்தில் தள்ளி நின்று பார்க்கும்போதுதான் நிறமும் கோடும் கண்ணில் பட்டன. அடுத்து அந்தக் கண்காட்சி நியூயார்க்கில் விட்னி அருங்காட்சியகத்துக்குப் போனது. 2006-ல் அமெரிக்க அஞ்சல் துறை இந்தப் போர்வைகளைப் போட்டு 10 அஞ்சல்தலைகள் வெளியிட்டது.

பேர் வந்தது, காசு?

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். போர்வை விற்ற பணத்திலும், அவற்றின் வடிவத்தை வேறு பொருட்களில் போட்டு விற்றதிலும் தங்களுக்குச் சேர வேண்டிய பங்கு வரவில்லை என்று 2007-ல் மூன்று பெண்கள் ஆர்னெட் தரப்பின் மேல் வழக்குத் தொடுத்தார்கள். அவர்களில் ஆனி மே யங்கும் ஒருவர். 2008-ல் சமரசமாக வழக்கு முடிந்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை. ஆனால் ஒன்று தெரிகிறது. சுவரில் மாட்டினால் மதிப்பு வரும். அந்த மதிப்பு தைத்தவர் கைக்கு வர, கணக்கும் எழுத்தும் வேண்டும்.

பெண்களும் சும்மா இருக்கவில்லை. 2003-லேயே தங்களுக்கென்று விற்பனைக் கூட்டமைப்பு தொடங்கினார்கள். 2021-ல் எட்சி என்ற இணையச் சந்தையில் பலர் தங்கள் சொந்தப் பேரில் கடை திறந்தார்கள். இப்போது பேரும் அவர்களுடையது, விலை சொல்வதும் அவர்களே.

நாம் செய்ய வேண்டியவை

1. அருங்காட்சியகத்துக்கோ கண்காட்சிக்கோ போனால் பொருளை மட்டும் பார்க்காமல், பக்கத்தில் இருக்கும் அட்டையையும் படியுங்கள். செய்தவர் பேர், ஊர், ஆண்டு இருக்கிறதா? படிக்கத் தெரிந்தவர் மற்றவருக்கு வாசித்துக் காட்டலாம்.

2. உங்கள் கைவேலையில் உங்கள் பேரும் ஊரும் இருக்கட்டும். சின்னத் துணி லேபிள் போதும்.

3. விற்கும் முன் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். யாருக்கு, என்ன விலைக்கு, எந்தத் தேதியில் என்று நோட்டில் எழுதுங்கள்.

4. பொருளை விற்பது வேறு, டிசைனை விற்பது வேறு. டிசைனைப் பயன்படுத்தக் கேட்டால் எழுத்தில் வாங்குங்கள். படித்துப் புரிந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேச

• நம் வீட்டில் பாட்டி, அம்மா கையால் செய்த பொருள் எது மிச்சம் இருக்கிறது? அடுத்த கூட்டத்துக்கு அதை எடுத்து வாங்க. சுவரில் மாட்டி, பத்தடி தள்ளி நின்று எல்லோரும் பாருங்கள்.

• ஆனி மே யங் ஏன் "சும்மாவே எடுத்துக்குங்க" என்றார்? நாம் எந்தப் பொருளை, எந்த வேலையை அப்படிச் சும்மா கொடுத்துக்கொண்டு இருக்கிறோம்?