ஆசிரியர் பயிற்சிக்குக் கருத்தாளராகப் போகும் தம்பி தங்கைகளுக்கு

1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல்லுடைக்கும் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போனேன். அ, ஆ என்று தொடங்கினால் கொட்டாவி விட்டார்கள். கூலி, பட்டா என்று பேச்செடுத்த அன்றுதான் சிலேட்டைக் கையில் எடுத்தார்கள். பின்னாளில் வட்டார வள மையத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தபோதும் அந்தப் பெண்கள் கற்றுத்தந்ததே எனக்குக் கைகொடுத்தது.

1. எதிரே இருப்பவர்களில் பலர் இருபது வருடம் கரும்பலகை முன் நின்றவர்கள். அவர்களைக் கைதட்டிப் பாடவைக்காதீர்கள். மனம் சுருங்கிப்போகும்.

2. முதல் அரை மணி நேரம் கையேட்டைத் திறக்க வேண்டாம். "உங்கள் வகுப்பில் எது ஏறமாட்டேன் என்கிறது?" என்று கேளுங்கள். வளர்ந்தவர்களுக்கு அனுபவமே முதல், நாளைக்கே உதவுவதைத்தான் அவர்கள் ஊன்றிக் கற்பார்கள் என்று அமெரிக்காவின் மால்கம் நோல்ஸ் 1970-லேயே எழுதினார். நம் கூட்டங்களுக்குள் அது இன்னும் முழுதாக வந்துசேரவில்லை.

3. பிள்ளைகளின் கணக்கு நோட்டுகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒருமுறை ஒரு நோட்டில் 52-17=45 என்றிருந்தது. சிவப்பு மையில் பெருக்கல் குறி. "இந்தப் பிள்ளை என்ன நினைத்துப் போட்டிருக்கும்?" என்று கேட்டேன். சிறிது நேரம் அமைதி. பிறகு ஒரு டீச்சர், "சார், ஏழிலிருந்து இரண்டைக் கழிச்சிருக்கா. பெரிசிலிருந்துதான் சிறிசைக் கழிக்கணும்னு நான்தானே சொல்லிக்கொடுத்தேன்" என்றார். அதன்பின் தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டைப் பிரித்துக் காட்டும் வழியை அவர்களே பேசி முடிவுசெய்தார்கள். மதியம் வரை நான் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை.

4. ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளியிலிருந்து வந்தவரை முதலில் பேசவிடுங்கள். அங்கே நடக்காத உத்தி பாதிப் பேருக்கு உதவாது.

5. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள்.

6. ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது 2020 தேசியக் கல்விக் கொள்கை. மணிக்கணக்கு நிறைந்துவிட்டால் வகுப்பு மாறிவிடாது. புதிதாக ஒன்றைச் செய்துபார்க்கும்போது பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். ஆகவே இரண்டு வாரத்துக்குள், பயிற்சிக்கு வந்த ஆசிரியரின் வகுப்புக்குப் போங்கள். பார்வைப் பதிவேட்டைப் பைக்குள் வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு தரையில் உட்காருங்கள். முடிந்ததும் நீங்கள் கருத்துச் சொல்லுமுன், இன்று எப்படிப் போனது என்று அவரிடம் கேளுங்கள்.