எங்களுக்கு அது சரிப்படாது

"எங்கட குடும்பத்துக்குப் பெரிய யாவாரம் சரிப்படாது மகன். தெரிஞ்ச சாமானை வித்துட்டு இருப்பம்."

வாப்பா இதை எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று எனக்குக் கணக்கில்லை. கண்டி வீதியோரத்திலிருந்த எமது புடவைக் கடையில் துணி வெட்டி விற்பதைத் தவிர வேறெதிலும் அவர் கைவைக்கவில்லை. 2004இல் கடை என் பொறுப்புக்கு வந்தது. சிறுபிள்ளைகளுக்கு ரெடிமேட் உடுப்பு இருக்கிறதா என்று பெண்கள் கேட்பார்கள். இல்லையென்றதும் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். நான் பார்த்துக்கொண்டிருப்பேன். வாப்பாவின் பேச்சு என் பேச்சாகவே ஆகிவிட்டிருந்தது.

வாப்பா அப்படிச் சொல்ல ஒரு காரணம் இருந்தது. 1988இல் அவருக்குப் பெரிய நட்டம். உம்மாவின் இரண்டு சோடிக் காப்பும் அடகுக்குப் போயின. வீட்டில் எல்லோரும் அறிந்த கதை. ஆனால் எப்படி நட்டம் வந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் வாப்பாவுக்குச் சாமான் கொடுத்த ஒரு வயோதிப ஹாஜியாரிடம்தான் கடைசியில் கேட்டேன்.

"உங்கட வாப்பா ஒரே டிசைன்ல 60 ரோல் எடுத்தார் தம்பி. எல்லாம் கடன். மூணு மாசத் திகதி போட்டு செக் குடுத்தார். பெருநாளைக்கு அதுதான் ஓடும் என்று யாரோ சொன்னதை நம்பினார். ஒரு ரோல் எடுத்துப் பார்த்திருக்கலாமே."

வீடு வரும்வரை பஸ்ஸில் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். வாப்பாவை விழுத்தியது புதுச் சாமான் அல்ல. ஒரே டிசைன், கையில் காசில்லாத கொள்வனவு, திகதி போட்ட காசோலை, இந்த மூன்றும்தான். நாங்கள் காரணத்தை மறந்துவிட்டு, பயத்தை மட்டும் சொத்தாகப் பங்கிட்டுக்கொண்டிருக்கிறோம்!

எம்மில் பலரது கதையும் இதுதான். மச்சான் லொறி வாங்கி நட்டப்பட்டால் லொறித் தொழிலே கூடாது என்கிறோம். அவர் எவ்வளவு கடனில் வாங்கினார், மாதம் எத்தனை ஓட்டம் கிடைத்தது என்று யாரும் கேட்பதில்லை. டானியல் கானமன், ஏமொஸ் ட்வேர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கே பொருந்தும். 1,000 ரூபா கிடைக்கும் சந்தோசத்தைவிட 1,000 ரூபா இழக்கும் வலி மனிதனுக்குப் பெரிது. பின்னர் அவர்கள் செய்த கணிப்பில் அந்த வலி ஏறத்தாழ இரண்டு மடங்கு. எனவே ஒரு நட்டம் மனதில் நிற்கும் அளவுக்குப் பத்து இலாபம் நிற்பதில்லை.

2005 நோன்புக்கு முன்னர் நான் ரெடிமேட் எடுத்தேன். அதற்கு முன் கொப்பியில் ஒரு கணக்கு எழுதினேன். கொள்வனவு 60,000 ரூபா, முழுதும் கைக்காசு. ஒன்றுமே ஓடாமல் கழிவு விலைக்குத் தள்ளினாலும் 40,000 ரூபா திரும்பும். அப்படியானால் போகக்கூடியது 20,000 ரூபா. கடையின் ஒரு மாத இலாபத்திலும் அது குறைவு. 'பெரிய ஆபத்து' என்று வருடக்கணக்கில் நான் பயந்தது இந்த 20,000 ரூபாவுக்குத்தான்.

சிறிய அளவுகள் பெருநாளைக்கு ஒரு கிழமைக்கு முன்னரே முடிந்துவிட்டன. பத்து, பன்னிரண்டு வயது அளவுகள் அப்படியே தேங்கின. வாங்கிய விலைக்கும் கீழே தள்ளினேன். எல்லாம் போக மிஞ்சியது 7,000 ரூபா. பெரிய காசில்லைதான். ஆனால் எந்த அளவு எங்கள் ஊரில் ஓடும் என்பது அதன்பின் எனக்குத் தெரியும்.

துணிந்து இறங்குங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக நான் விரும்பவில்லை. பிள்ளையின் படிப்புக் காசு, பிறர் உங்களிடம் வைத்த அமானிதம், திகதி போட்ட காசோலை இவற்றைக்கொண்டு புதுத் தொழிலைப் பரீட்சிக்காதீர்கள். அந்த விடயத்தில் வாப்பாவின் பயம் சரியானதே.

அதேவேளை, சும்மா இருப்பதற்கும் விலை உண்டு. என் நண்பர் ஒருவர் நட்டத்துக்குப் பயந்து காசை வீட்டு அலுமாரியில் வைத்திருந்தார். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை நெருங்கியது. அலுமாரியிலிருந்து ஒரு சதமும் குறையவில்லை. ஆனால் அந்தக் காசுக்கு இரண்டு பெட்டி வந்த இடத்தில் ஒன்றுதான் வந்தது.

சென்ற மாதம் என் மகன் போனில் ஓடர் எடுத்து வீடுகளுக்கு உடுப்பு அனுப்பலாம் என்றான். "எங்களுக்கு அது சரிப்படாது மகன்" என்று என் வாயும் சொல்லிவிட்டது. அவன் சிரித்தான். எவ்வளவு போகும் என்று எழுதிக்கொண்டு வா என்றேன். மறுநாள் கொப்பியைக் கொண்டுவந்தான். 45,000 ரூபா. திரும்பி வரும் உடுப்புகளின் அனுப்புக் கூலியை அவன் சேர்க்கவில்லை. சேர்த்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.