பழைய பாத்திரங்கள் புகட்டும் பாடம்



வரலாறு என்றவுடன் நாம் பாடநூலையும் அரும்பொருளகத்தையுமே நினைக்கின்றோம். ஆனால் நம் பாட்டன் பாட்டியர் வாழ்ந்த வாழ்வின் சான்றுகள் பல, பழைய சாமான் கடைகளிலே தூசு படிந்து கிடக்கின்றன. அவற்றை இனங்கண்டு வாங்குவது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பினாங்கில் லோரோங் கூலிட் சந்தை இத்தகைய பொருள்களுக்குப் பெயர் பெற்றது. சிங்கப்பூரின் சுங்கை ரோடு சந்தையும் பல்லாண்டுக் காலம் புகழுடன் விளங்கி, 2017 ஆம் ஆண்டு ஜூலை 10 ஆம் நாள் மூடப்பட்டது. சிறு பட்டணங்களிலோ பழைய இரும்புக் கடைகளே நமக்குச் சந்தையாகும். பித்தளைச் செம்பு, வெண்கலப் பானை, எனாமல் மங்கு, அடுக்குத் தூக்கு, சேவல் தீட்டிய சீனக் கிண்ணம், மண்ணெண்ணெய் விளக்கு ஆகியவை அங்கே கலந்து கிடக்கும். கடைக்காரரிடம் அனுமதி பெற்று, ஒவ்வொன்றையும் பொறுமையாக எடுத்துப் பார்த்தல் வேண்டும்.

முதலாவதாக, உலோகத்தை அறிதல் வேண்டும். செம்பும் துத்தநாகமும் கலந்தது பித்தளை. செம்பும் வெள்ளீயமும் கலந்தது வெண்கலம். இவ்விரண்டையும் காந்தம் ஈர்ப்பதில்லை. மஞ்சள் நிறப் பாத்திரத்தில் காந்தம் ஒட்டுமாயின், அஃது இரும்பின்மேல் பூச்சுப் பூசப்பட்டது என்று கொள்ளலாம். ஆகவே சட்டைப் பையில் ஒரு சிறு காந்தத்தை வைத்திருத்தல் நன்று.

இரண்டாவதாக, பாத்திரத்தைக் கவிழ்த்து அதன் அடிப்பகுதியைப் பார்த்தல் வேண்டும். அங்கே செய்த நாட்டின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கலாம். செக்கோஸ்லோவாக்கியா என்னும் நாடு 1918 இல் தோன்றி, 1992 ஆம் ஆண்டு இறுதியுடன் இரண்டாகப் பிரிந்தது. மேற்கு ஜெர்மனி என்னும் பெயர் 1949 முதல் 1990 வரையிலான காலத்திற்குரியது. நம் நாடு மலேசியா என்னும் பெயரைப் பெற்றது 1963 ஆம் ஆண்டு செப்டம்பர் 16 ஆம் நாளாகும். எனவே ஒரு நாட்டின் பெயரைக் கொண்டே, ஒரு மங்கின் வயதை ஓரளவு கணித்துவிடலாம்!

மூன்றாவதாக, பயன்பாட்டில் எச்சரிக்கை தேவை. எனாமல் என்பது இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடித் தூளைப் பூசிச் சூளையில் உருக்கிப் படியவைப்பதாகும். அது பெயர்ந்த இடத்தில் துரு ஏறும். சில்லுகளும் உணவில் கலக்கும். பித்தளையில் புளிக் குழம்பு வைத்தால் களிம்பு ஏறும். அதனாலேயே நம் முன்னோர் உட்புறம் வெள்ளீயம் பூசினர். அந்த வெள்ளீயமே நம் கிந்தா பள்ளத்தாக்கில் பெருமளவில் தோண்டியெடுக்கப்பட்டது. பழைய வண்ணங்களிலும் மெருகுகளிலும் நச்சுத் தன்மையுள்ள காரீயம் இருக்கக்கூடும். ஆதலின் ஐயத்திற்குரிய பொருளைக் காட்சிக்கு மட்டும் வைத்துக்கொள்க.

நான்காவதாக, பெயரைத் தேடுதல் வேண்டும். இதுவே தலையாயது. திருமணச் சீராகத் தந்த பாத்திரங்களின் விளிம்பில், உளியால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டுவது நம்மவர் வழக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் ஆறாம் ஆண்டு மாணவர் சிலரை அருகிலுள்ள பட்டணத்துப் பழைய சாமான் கடைக்கு அழைத்துச் சென்றோம். அங்கே எட்டு வெள்ளி விலையில் ஒரு பித்தளைச் செம்பு கிடைத்தது. புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்தபோது, தமிழில் இரண்டு தலைப்பெழுத்துகளும் ஒரு பெண்ணின் பெயரும் துலங்கின. அவர் யாரென நம்மால் அறிய இயலவில்லை. ஆயினும் அச்செம்பைக் காண வந்த ஒரு மாணவரின் பாட்டியார் அதனை நெடுநேரம் கையிலே வைத்திருந்தார்.

“வாத்தியாரையா, தோட்டத்தை விட்டு வந்தபோது நாங்களும் எங்கள் பாத்திரங்களை எடைக்குப் போட்டுவிட்டோம். பட்டணத்து வீட்டில் வைக்க இடமில்லை. என் தாய் வீட்டுக் குடமும் அதிலே போயிற்று. அதில் என் பெயர் வெட்டியிருந்தது” என்றார்.

அன்று நாம் ஒன்றை உணர்ந்தோம். தோட்டங்கள் கைமாறின, லயங்கள் இடிக்கப்பட்டன, மக்கள் பட்டணம் சென்றனர். அவ்வாழ்வைப் பற்றி ஏடுகளில் எழுதப்பட்டது சிறிதே. பாத்திரத்தில் வெட்டிய பெயரே, நம் பாட்டியர் பலருக்கு எஞ்சிய எழுத்தாகும். அதனையும் எடைக்கு விற்று உருக்கிவிட்டால், மீண்டும் படிக்க இயலாது.

ஆகவே மாணவர்களே, கடைக்குச் செல்லுமுன் உங்கள் வீட்டுப் பரணைப் பாருங்கள். பெரியோரைக் கேளுங்கள். கேட்பதற்கு அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

பயிற்சி:
1. உங்கள் வீட்டிலுள்ள பழைய பாத்திரம் ஒன்றை வரைந்து, அதன் உலோகத்தைக் குறிப்பிடுக.
2. அதில் பெயரோ நாட்டின் பெயரோ இருப்பின், அவ்வாறே பார்த்து எழுதுக.
3. அது யாருடையது, எங்கிருந்து வந்தது என்பதைப் பெரியோரிடம் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக.